கை சும்மாத்தானே இருக்கு

கையே படாமல் கம்ப்யூட்டரை வேலை வாங்கலாம் என்று எங்கள் வீட்டில் முதலில் வந்து சொன்னவர் என் வீட்டுக்காரரின் சிநேகிதர். கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுக்கிற கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் அந்த வருடம் முழுக்க அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது நான் பார்த்த வேலைக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் ஒரு டாக்டர், நோயாளியைப் பார்த்து முடித்ததும் விவரத்தையெல்லாம் ஒரு கருவியில் பேசி வைப்பார். எதையோ மென்றுகொண்டு பேசுவார், கொட்டாவி விட்டுக்கொண்டு பேசுவார், கார் ஓட்டிக்கொண்டே பேசுவார். அந்தக் குரல் போன் லைன் வழியாக மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கும். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். அவர் சொன்னதைச் சொன்னபடி டைப் அடித்து அனுப்ப வேண்டும்.

எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். சம்பளம் ஒரு காரணம், அதை மறைப்பானேன். அதைவிடப் பெரிய காரணம், நான் டைப் அடிக்கும்போது வீட்டில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். காதில் ஹெட்போன், விரல்கள் பத்தும் கீபோர்டில். "அவ வேலையா இருக்கா" என்று என் மாமியார் தெருவில் வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பிவிடுவார். கல்யாணமாகி வந்த வீட்டில், கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவில் கதவில்லாமல் திரைச்சீலை மட்டும் தொங்குகிற அந்தச் சின்ன அறையில், எனக்கென்று கிடைத்த நேரம் அவ்வளவுதான். அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கை விட்டுக்கொடுத்தது. வலது கட்டைவிரலின் அடியில் முதலில் லேசாகக் குத்தல். பிறகு தம்ளரைப் பிடித்தால் வலி, சாவியைத் திருப்பினால் வலி. இடது கையும் சேர்ந்துகொண்டது. கே.கே. நகரில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடச் சொல்லி, மூடிய கையைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தார். உயிர் போய் வந்தது.

"நரம்புக்கு உறை மாதிரி ஒண்ணு இருக்கும்மா, அது வீங்கியிருக்கு. மூணு மாசம் கைக்கு முழு ரெஸ்ட் குடுங்க. சரியாகலன்னா ஆபரேஷன்தான்" என்றார்.

"டைப் அடிக்கிறதுனாலயா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஆமா, முக்கியமா அதுதான்."

அந்த ஒரு கேள்வியும் அந்த ஒரு பதிலும்தான் என்னைப் படுத்தி எடுத்தவை. அன்று முதல் எங்கள் வீட்டில் என் நோய்க்குப் பெயரே டைப்பு என்று ஆகிவிட்டது.

கம்பெனியில் என் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் வருத்தப்பட்டாள். மூன்று மாதம் எப்படியாவது சமாளியுங்கள், அதற்குப் பிறகும் வேலை குறைந்தால் உங்கள் டாக்டர்களை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டி வரும் என்றாள். என் டாக்டர்கள்! அந்தக் கொட்டாவிக்காரரின் முனகலைப் புரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கும். அவரைத் தூக்கி இன்னொருத்தியிடம் கொடுப்பதா?

அப்போதுதான் சிநேகிதர் ஒரு சிடியும், வாய்க்கு முன்னால் மைக் நீட்டிக்கொண்டிருக்கிற ஹெட்போனும் கொண்டு வந்தார். "மாப்ள, இனிமே தங்கச்சி கைய அசைக்கவே வேணாம். வாயத் தொறந்தாப் போதும், அதுபாட்டுக்கு அடிச்சுக்கிரும்" என்றார். யோசனை எனக்கும் சரியாகத்தான் பட்டது. டாக்டர் பேசுவதை ஒரு காதில் கேட்டு, அதையே நான் திரும்பச் சொன்னால் கம்ப்யூட்டர் எழுதிவிடும். கை மடியில் கிடக்கும். மூன்று மாதத்தில் ஆறிவிடும்.

முதலில் அதற்கு என் குரலைப் பழக்க வேண்டும். திரையில் வருகிற பத்திகளை வாசித்துக் காட்டச் சொன்னது. ஃபேன் சத்தம் கேட்கிறது என்று குறை சொன்னதால் ஃபேனை நிறுத்தினேன். மதுரையில் ஆவணி மாதத்து மத்தியானம் ஃபேனை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் வாசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஸ்கூலில் செய்யுள் ஒப்பிப்பது போல, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அது என்னுடைய குரலே இல்லை. ஆனால் அந்தக் குரலைத்தான் அது நான் என்று எடுத்துக்கொண்டது.

பிறகு கட்டளைகள். "வேக் அப்" என்றால் விழிக்கும். "கோ டு ஸ்லீப்" என்றால் தூங்கும். "ஓப்பன்" என்றால் திறக்க வேண்டும், பல சமயம் திறக்காது. மவுஸை ஒரு தட்டுத் தட்டினால் திறக்கிற ஃபைலுக்குத் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும். கட்டத்தின் நம்பரைச் சொன்னால் அந்தக் கட்டத்துக்குள் இன்னும் சின்னக் கட்டங்கள். அதிலும் ஒரு நம்பர். இப்படிப் போய்ப் போய் மவுஸின் அம்புக்குறி சரியான இடத்தில் நிற்கும்போது பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். அம்பு எங்கேயோ ஓடிவிடும். மறுபடி முதலிலிருந்து. பின் தெருவில் யார் வீட்டிலாவது காதுகுத்து, சடங்கு என்று குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

எழுதுகிற லட்சணமும் சொல்லி மாளாது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா, அந்த இடத்தைக் காலியாக விட்டு ஒரு கோடு போட்டுவிட வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது, நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது. இந்தக் கம்ப்யூட்டருக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. புரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றை முழுத் தைரியத்தோடு எழுதி வைத்திருக்கும். நான் ஒவ்வொரு வரியாகத் தேடித் தேடி வாயாலேயே அழித்து, வாயாலேயே திருத்த வேண்டும்.

போதாதற்கு, எங்கள் வீட்டில் யார் வாய் திறந்தாலும் இன்னொருவர் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். "க்ளோஸ்" என்று நான் கம்ப்யூட்டரிடம் சொன்னால் ஹாலிலிருந்து, "எதை தாயி சாத்தணும்?" என்று மாமியார் எழுந்து வருவார். அவர் கேட்டதையும் அது கேட்டு எழுதும். "ஒண்ணுமில்ல அத்தை" என்று நான் சொன்னதையும் எழுதும். அமெரிக்க நோயாளியின் வயிற்றுவலிக்கு நடுவில் எங்கள் வீட்டுப் பேச்சு என்னென்னவோ உருவத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பழகப் பழகச் சரியாகும் என்று மாமியாருக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். நிஜமாகவே கொஞ்சம் சரியாகவும் ஆரம்பித்தது. கோளாறு வேறு பக்கத்திலிருந்து வந்தது.

ஒருநாள் நான் கண்ணை மூடிக்கொண்டு, கொட்டாவிக்காரர் சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மடியில் ஏதோ கனத்தது. கண்ணைத் திறந்தால் முறம், முறம் நிறையச் சின்ன வெங்காயம். மாமியார் பக்கத்தில் நின்றார்.

"கை சும்மாத்தானே இருக்கு தாயி. பேசிக்கிட்டே உரிச்சிரு. இம்புட்டுத்தான் இருக்கு."

அவரைக் கொடுமைக்கார மாமியார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் தன் கையைச் சும்மா வைத்து நான் பார்த்ததே இல்லை. சீரியல் பார்க்கும்போது பூண்டு உரிப்பார். சொந்தக்காரர்களின் சண்டையைத் தீர்த்து வைக்கும்போது அரிசியில் கல் பொறுக்குவார். அவர் அறிந்த உலகத்தில் பேச்சு என்பது கை வேலைக்குத் துணையாக நடப்பது. பேச்சே ஒரு வேலை என்றால் அவருக்கு எப்படிப் புரியும்? டைப் அடித்தபோது நான் வேலையாக இருந்தேன். இப்போது நான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் கைக்கு ரெஸ்ட் குடுக்கச் சொன்னாருல்ல அத்தை?"

"அது டைப்பு அடிக்கிறதுக்குத்தானே? அதான் இப்ப அடிக்கிறதே இல்லையே."

வெங்காயத்தை உரித்தேன்.

மறுநாள் முருங்கைக்கீரை. கொத்துக் கொத்தாக மடியில் போட்டுவிட்டுப் போனார். கீரை உருவுவது முழுக்கக் கட்டைவிரல் வேலை. அடுத்து அவரைக்காய் நார் எடுப்பது, புளியில் கொட்டை எடுப்பது. மாடியில் இருந்த என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, துணி துவைக்கப் போகும்போது தன் கைக்குழந்தையைக் கொண்டு வந்து என் மடியில் உட்கார வைப்பாள். "அக்கா, நீங்க சும்மா பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க, அவன் உங்க சத்தம் கேட்டா அழுக மாட்டான்" என்பாள். அழவில்லைதான். மைக்கைப் பிடித்துச் சப்பினான். அன்று அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் பக்கமாக என்னவோ எழுதித் தள்ளியது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒக்காந்த எடத்துலயே செய்யிற வேலைதானடி, இதுக்குப் போயி அம்மாகிட்ட என்னத்தச் சொல்ல?" என்றார். அவர் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் நான் மைக்கில் பேசிக்கொண்டிருப்பதைத்தான் பார்த்தார். மடியில் முறம் இருந்ததை அவர் கண் பார்த்திருக்கும், மனசு பார்க்கவில்லை. எந்த வீட்டில் பெண்கள் மடியில் முறம் இல்லை?

எனக்கு முன்கோபம் உண்டு. எங்கள் அம்மா வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாமியாரிடம் காட்ட முடியுமா? அவர் காபி ஆற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெங்காயத்தைக் கொடுக்கிறார். ஆகவே கோபத்தையெல்லாம் கம்ப்யூட்டரிடம் காட்டினேன். அதுவோ நான் அன்று ஒப்பித்த செய்யுள் குரலுக்கு மட்டும்தான் கட்டுப்படும். குரல் கொஞ்சம் உயர்ந்தால் நான் யாரென்றே அதற்குத் தெரியாது. கத்தக் கத்தத் தப்பாக எழுதியது. தப்பாக எழுத எழுதக் கத்தினேன். அழுதால் இன்னும் மோசம், மூக்கடைத்த குரல் அதற்குப் புதுசு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, மறுபடி இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நிற்கிற பிள்ளையைப் போல நிதானமாக, "வேக் அப்" என்பேன். ஒரு மனுஷிக்குக் கோபப்படக்கூட இடமில்லாமல் போனால் என்ன செய்வாள்?

இதற்குள் சூப்பர்வைசர் இரண்டு தரம் போன் செய்துவிட்டாள். தப்புகள் கூடிவிட்டன என்றாள். கை எப்படி இருக்கிறது என்றும் கேட்டாள். கை முன்பைவிட வலித்தது. காலையில் எழுந்தால் கட்டைவிரல் மடங்காமல் நின்றது. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் என் டாக்டர்கள் அன்றைக்கே கைமாறிவிடுவார்கள் என்று பயம்.

தீபாவளி வந்தது. எங்கள் வீட்டு முறுக்கு சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போகும். அழகர்கோவில் பக்கத்தில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்கு மட்டும் ஒரு டின். மாமியார் மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, கிச்சன் சூட்டில் ஏன் கிடக்க வேண்டும் என்று, என் மேல் உள்ள அக்கறையில்தான், நான் இருந்த அறையிலேயே வெள்ளை வேட்டியை விரித்தார். மர அச்சை என் கையில் கொடுத்தார். நான் துணியில் பிழிந்து போடப் போட, ஓரகத்தி எடுத்துப் போய் எண்ணெயில் போடுவாள்.

"நீ உன் வேலையையும் பாத்துக்க தாயி. வாய் வேலை வாய்க்கு, கை வேலை கைக்கு" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டிய ஃபைல்கள் இருந்தன. மைக்கை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பெடலைக் கால் பெருவிரலால் மிதித்தேன். ஒரு காதில் கொட்டாவிக்காரர் யாருடைய முழங்காலைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருந்தார். வாய் அதைத் திருப்பிச் சொன்னது. கைகள் அச்சின் இரண்டு பிடியையும் பிடித்து அழுத்தித் திருகின. கெட்டி மாவு, அச்சு லேசில் இறங்காது. கொஞ்ச நேரம் மூன்று வேலையும் நடந்தன. ஒரு நிமிஷம் எனக்கே என் சாமர்த்தியத்தைப் பற்றிப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த திருகலில் வலது மணிக்கட்டில் சுரீர் என்று ஒரு வலி தோள்வரை ஏறியது. அச்சு கைநழுவித் தரையில் உருண்டது. "அம்மா" என்று கத்திவிட்டேன். திரையில் ஏதோ எழுதிக்கொண்டே போனது. நிறுத்தச் சொல்ல எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. மாமியார் ஓடி வந்து அச்சை எடுத்துப் பார்த்தார். நல்ல வேளை, உடையவில்லை என்றார்.

தீபாவளி கழிந்து டாக்டரிடம் போனோம். அதே மாதிரி கையை மூடச் சொல்லிச் சாய்த்துப் பார்த்தார். இந்தத் தடவை அவர் தொட்டதுமே நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"போன தடவையைவிட மோசமா இருக்கே. ரெஸ்ட் குடுத்தீங்களா, இல்லையா?"

நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார்: "மூணு மாசமா கையவே அசைக்கல டாக்டர். எல்லாம் வாயாலதான். கம்ப்யூட்டரே இவ சொன்ன பேச்சக் கேக்குது, வந்து பாத்தீங்கன்னா அசந்துருவீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் வேலை வாங்கியது தெரிந்து மறைத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். டாக்டர் என் கட்டைவிரலைத் திருப்பினார். நகக்கண்ணில் கீரைக்கறை கறுப்பாகப் படிந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டாக்டர், எனக்கு ஒரு கட்டுப் போட்டு விடுங்க" என்றேன்.

"கட்டா? எலும்பு ஒண்ணும் முறியலையேம்மா. ஒரு ஊசி போடுறேன். பெல்ட் மாதிரி ஒண்ணு தாரேன், வேலை இருக்கும்போது கழட்டி வச்சுக்கலாம்."

"கழட்ட முடியாததா வேணும் டாக்டர். மாவுக்கட்டு. பாத்தாத் தெரியணும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஒனக்கு என்ன கிறுக்குப் புடிச்சிருச்சா? முறியாத கைக்கு எவனாச்சும் கட்டுப் போடுவானா?" நான் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் என்னையும் பார்த்து, என் வீட்டுக்காரரையும் பார்த்து, ஊசியைப் போட்டுவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். வலது கைக்கு மாவுக்கட்டு. இடது கைக்குத் துணியைச் சுற்றிப் பெரிதாக ஒரு கட்டு.

வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். "அடி ஆத்தே, இம்புட்டு வலியா இருந்துச்சு? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல தாயி" என்று நிஜமாகவே அழுதார். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்து அவரே ஊட்டிவிட்டார். நான் சொன்னேனே, எத்தனை தடவை சொன்னேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கத்துவது?

அதற்குப் பிறகு முறம் அந்தத் திரைச்சீலையைத் தாண்டவில்லை. ஓரகத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். நான் பேச ஆரம்பித்தால் மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "கையி இல்லாத புள்ள பாவம், வாயால பொழைக்குது" என்று தெருவில் போகிறவர்களை விரட்டுவார். வீடு அமைதியானதும் கம்ப்யூட்டரும் ஒழுங்காகக் கேட்டது. தப்புகள் குறைந்தன. சூப்பர்வைசர் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றாள், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கொட்டாவிக்காரர் என்னிடமே இருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆத்திரமாகத்தான் இருந்தது. நான் சொன்னபோது கிடைக்காதது ஒரு சுண்ணாம்புக் கட்டிக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

மார்கழியில் டாக்டர் கட்டின் மேல் தட்டிப் பார்த்தார். வெளியே தெரிந்த விரல்களை அசைக்கச் சொன்னார். வலி இல்லை.

"நல்லா ஆறிருச்சும்மா. பிரிச்சிரலாமா?"

"பிரிச்சிருங்க டாக்டர்" என்றார் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர்.

நான் கையை மடியோடு இழுத்துக்கொண்டேன். "பொங்கல் கழியட்டும் டாக்டர்."

என் வீட்டுக்காரர் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் சிரிக்காமல், அடுத்து வர வேண்டிய தேதியைத் தை மாதத்தில் எழுதிக் கொடுத்தார்.